நாற்பது கணங்கள், ஒரு படம்

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவின் கெர்பாவ் சாலையில், 1900இல் கட்டப்பட்ட டான் டெங் நியா இல்லம் நிற்கிறது. அதன் பலவண்ணச் சுவர்களுக்கு முன்னால் படமெடுத்துக்கொள்ள வருவோர் ஏராளம். அங்கே மணமக்களை நிறுத்திப் படமெடுப்பவருக்கு ஒரு சிக்கல். வீடு முழுதும் தெரிய அகலக் கோண லென்ஸ் போட்டால் சுவரும் முகமும் ஏறக்குறைய ஒரே கூர்மையில் விழும். அத்தனை நிறங்களுக்குள் முகம் தொலைந்துபோகும். 85 மி.மீ. லென்ஸைப் போட்டால் பின்னணி கரைந்து முகம் எழுந்து வரும், வீடு போய்விடும்.

இரண்டையும் சேர்த்துப் பெற ஒரு வழி உண்டு. நியூயார்க் திருமணப் புகைப்படக் கலைஞர் ரயன் பிரெனைசர் அதைப் பரப்பியதால் அவர் பெயரிலேயே வழங்குகிறது. ஃபோகஸையும் வெளிச்ச அளவையும் மாறாமல் நிறுத்திக்கொண்டு, அசையக்கூடிய மணமக்களை முதலில் எடுத்துவிட வேண்டும். பிறகு கேமராவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி முப்பது, நாற்பது படங்கள். கணினி அவற்றை ஒன்றாக்கும். எஃப்/1.4 திறப்புள்ள 85 மி.மீ. லென்ஸால் எடுத்து, 35 மி.மீ. லென்ஸ் காட்டும் அகலத்துக்கு இணைத்தால், பின்னணி கரையும் அளவு ஏறத்தாழ எஃப்/0.58 திறப்புக்குச் சமம். மெழுகுவத்தி வெளிச்சத்தில் ‘பாரி லிண்டன்’ (1975) திரைப்படக் காட்சிகளை எடுக்க இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் தேடிப் பிடித்த அரிய லென்ஸ்கூட எஃப்/0.7தான்.

நாற்பது படங்கள் சேர்ந்த இந்தப் படம் எந்தக் கணத்துக்கு உரியது?

முகம் ஒரு நொடியில் பதிந்தது, கூரை வேறொரு நொடியில். இடையே குறுக்கே நடந்தவர் பாதி உடலோடு நிற்கலாம். இரண்டு இடத்தில் தோன்றவும் செய்யலாம். படத்தில் உள்ள காட்சி எந்த நொடியிலும் அப்படியே இருந்ததில்லை.

கணங்கள் பலவானால் ஒருமை எங்கே என்னும் இந்த வழக்கு தமிழ்ச் சிந்தனைக்குப் புதிதல்ல. பொருள்கள் கணந்தோறும் தோன்றி அழிகின்றன, தொடர்ச்சி என்பது மனம் கட்டுவது என்றனர் பௌத்தர். கணபங்கம் என்பது இக்கொள்கையின் பெயர். பௌத்தரின் அளவையியலை மணிமேகலை தமிழில் விரித்துரைத்தது. 13ஆம் நூற்றாண்டில் சைவ சித்தாந்தி அருணந்தி சிவாச்சாரியார், சிவஞான சித்தியாரில் பிறர் கொள்கைகளை மறுக்கும் பகுதியான பரபக்கத்தில் சௌத்திராந்திகர் உள்ளிட்ட பௌத்தப் பிரிவினரை மறுத்தார். நேற்றுக் கண்டதை இன்று ‘அதுவே இது’ என்று அறிய, கண்டவர் நிலைத்திருக்க வேண்டும் என்பது கணபங்கத்துக்கு எதிரான பழைய வாதம்.

மென்பொருள் பௌத்தர் பக்கம் நிற்பதுபோலத் தோன்றும். அறிபவர் யாருமின்றி, ஓரங்களில் உள்ள ஒத்த புள்ளிகளைக் கொண்டே அது படங்களைச் சேர்த்துவிடுகிறது. ஆனால் சேர்ப்பதற்குரிய நாற்பது படங்கள் எப்படி வந்தன? இன்னும் பிறக்காத முழுப்படத்தை முதல் கிளிக்கிலேயே மனத்தில் கண்ட ஒருவர், கடைசிக் கிளிக்வரை அதைக் கைவிடாமல் இருந்தார். ஒத்த புள்ளிகள் விளக்காத ஒருமை அது. இந்த இடத்தில், கண்டவர் நிலைத்திருக்க வேண்டும் என்ற அந்தப் பழைய வாதமே வலுவானது.

ஆகவே அந்தப் படம் பொய்யல்ல. ஒரு நொடிக்கு அது சாட்சி சொல்லவில்லை. ஒருவர் விலகாமல் பார்த்த ஒரு நேரத்துக்குச் சாட்சி சொல்கிறது. திருமணப் படத்துக்கு அந்தச் சாட்சியம் போதும். செய்திப் படத்துக்குப் போதாது. தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை ஸ்ரீநிவாசப் பெருமாள் ஆலயத்திலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி ஆலயத்துக்குக் காவடிகள் நகரும்போது, யார் எங்கே எப்போது நின்றார் என்பதே செய்தி. அத்தகைய படத்தை இப்படி இணைத்து வெளியிடுபவர், பல படங்களின் இணைப்பு என்று அடியில் அச்சிட்டே ஆக வேண்டும்.