மண்ணில் எல்லாருக்கும் பங்கு



அன்புக்கொடி மக்களே, பதியில் எல்லார் நெற்றிக்கும் ஒரே அளவு திருமண்தான். பணக்காரருக்கென்று கூடுதலாகச் சாத்துவதில்லை.

சாமிதோப்பு முத்திரிக் கிணற்றில் எல்லாச் சாதியாரையும் ஒன்றாகத் தண்ணீர் எடுக்க வைத்தார் அய்யா வைகுண்டர். கிணற்று நீராவது மறுபடி ஊறும். அருப்புக்கோட்டை பக்கம் பந்தல்குடியில் வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக்கல் ஊறுமா? சிமெண்டாகப் போனது போனதுதான். பள்ளம்தான் ஊருக்கு.

அதனால்தான் 2015-ல் கனிமச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதற்கு முன் குத்தகை பெற்றவர், அரசுக்குக் கட்டும் ராயல்டியில் 30 சதவீத அளவுக்கு மாவட்டக் கனிம அறக்கட்டளைக்கும் தர வேண்டும். பிறகு ஏலத்தில் எடுத்தவர் 10 சதவீதம். சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களின் குடிநீருக்கும் பள்ளிக்கும் வைத்தியத்துக்கும் உரிய பணம் அது. யாரும் போடும் பிச்சையல்ல.

தலைப்பாகை கட்டி நிமிர்ந்து நிற்கச் சொன்னவர் அய்யா. கணக்குக் கேட்கக் கூச்சம் எதற்கு? ஆகஸ்ட் 15 கிராமசபைக்குத் தாங்கலிலிருந்து சேர்ந்தே போகலாம்.