எலும்பின் பெயர், சதையின் பெயர்

நேபாளத்தில் காத்மாண்டுப் பள்ளத்தாக்கைச் சுற்றியுள்ள மலைகளில் வாழும் தமாங் மக்களிடம் உறவு குறித்த பழைய நம்பிக்கை ஒன்று உண்டு. பிள்ளைக்கு எலும்பைத் தருவது தந்தை. சதையைத் தருவது தாய். எலும்பின் வழியேதான் குலம் தொடர்கிறது. மொக்தான், யோன்ஜன், கிசிங் என்று குலங்கள் பல. ஒரே எலும்பைச் சேர்ந்தவர்கள் மணக்கக் கூடாது. மாமன் பிள்ளையும் அத்தை பிள்ளையும் வேறு எலும்பு. ஆகவே அவர்கள் முறை. முறைப்பெண், முறைமாப்பிள்ளை என்ற சொற்களோடு வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

திருமணத்துக்குப் பிறகும் தமாங் பெண் தான் பிறந்த குலத்தை இழப்பதில்லை. புகுந்த வீட்டில் எத்தனை ஆண்டுகள் வாழ்ந்தாலும் அவள் இன்ன குலத்து மகள்தான். கணவனின் கோத்திரத்துக்குப் பெண்ணை மாற்றிவிடும் வழக்கத்தோடு ஒப்பிட்டால், இது ஒரு விடுதலையாகத் தோன்றும். கொஞ்சம் பொறுத்துப் பார்க்க வேண்டும். அந்த எலும்பை அவள் சாகும்வரை வைத்துக்கொள்ளலாம். தான் பெற்ற பிள்ளைக்குக் கொடுக்க முடியாது.

ஒரே வழக்கம் பெண்ணுக்கு ஒரு கையால் கொடுத்து மறு கையால் மறுக்கிறது. இதை எப்படி மதிப்பிடுவது? மதிப்பிடும் உரிமை யாருக்கு? சிந்துபால்சோக், நுவாகோட் மாவட்டங்களின் தமாங் சிறுமிகள் மும்பையின் பாலியல் விடுதிகளுக்கு விற்கப்பட்ட கதையில் இந்தக் கேள்வி கூர்மையாகிறது. தரகர்களில் உறவினரும் ஊர்க்காரரும் இருந்தார்கள். "அவர்கள் பண்பாடே அப்படி" என்று வெளியே இருப்பவர்கள் எளிதாகச் சொல்லிவிட்டார்கள்.

பண்பாட்டைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும்போது யார் விடுதலையாகிறார்கள் என்று கேட்க வேண்டும். 1854ஆம் ஆண்டின் முலுகி ஐன் சட்டம், இன்று தமாங் எனப்படும் மக்களை, 'மது அருந்துவோர், அடிமையாக்கத் தக்கோர்' என்ற படிநிலையில் வைத்தது. அவர்கள் கூலியின்றிச் சுமை தூக்கினார்கள், அரசுக்கு உழைத்தார்கள். ராணாக்களின் அரண்மனைகளுக்கு இந்த மலைகளிலிருந்து சிறுமிகள் பணிப்பெண்களாகக் கொண்டுபோகப்பட்டார்கள். தமாங் என்ற பெயரைக்கூட அரசு 1932இல்தான் ஏற்றது. 1951இல் ராணா ஆட்சி முடிந்தது, வறுமை முடியவில்லை. பெண்ணை மலையிலிருந்து இறக்கிக் கொண்டுபோகலாம் என்ற பழக்கத்தை அரண்மனை முன்பே உண்டாக்கி வைத்திருந்தது. வாங்கியவர்களின் பண்பாடு என்ன என்று எவரும் கேட்டதில்லை.

1996 பிப்ரவரியில் மும்பையில் காவல்துறை நடத்திய சோதனைகளில் நூற்றுக்கணக்கான பெண்கள் மீட்கப்பட்டார்கள். பலர் நேபாளிகள். அவர்களைத் திரும்ப ஏற்க நேபாள அரசு தயங்கியது. குடியுரிமைக்குச் சான்று எங்கே என்றது. அன்று நடப்பிலிருந்த 1990ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி வம்சாவளிக் குடியுரிமை தந்தை வழியாக மட்டுமே வந்தது. அதாவது நவீன அரசும் எலும்பைத்தான் கேட்டது. விற்கப்பட்டதோ சதை.

தொண்டு நிறுவனங்களின் முயற்சியால் நாடு திரும்பிய பெண்களில் சிலர் அதே ஆண்டில் 'சக்தி சமூஹ' அமைப்பைத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவர் சிந்துபால்சோக்கைச் சேர்ந்த சரிமாயா தமாங். தன்னை விற்றவர்கள் மீது அவரே வழக்குத் தொடுத்தார். 2013இல் அந்த அமைப்புக்கு மகசேசே விருது கிடைத்தது. இந்தப் பெண்கள் தங்கள் சமூகத்தின் மீதான பழியை ஏற்கவில்லை. சமூகத்துக்குள் இருந்த குற்றவாளிகளைக் காப்பாற்றவும் இல்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியும் என்பதுதான் அவர்களிடம் நாம் கற்க வேண்டிய அறம்.

நம்மிடம் இரண்டு சோம்பல்கள் உண்டு. ஒன்று, பிறர் வழக்கத்தைக் காட்டுமிராண்டித்தனம் என்பது. மற்றொன்று, "அது அவர்கள் பண்பாடு" என்று ஒதுங்குவது. இரண்டிலும் அந்த வழக்கத்துக்குள் வாழும் பெண்ணின் குரல் கேட்பதில்லை. வழக்கம் நல்லதா கெட்டதா என்று தீர்ப்பெழுதும் முன், அதைக் கொண்டு யார் ஆதாயம் அடைகிறார்கள் என்று பார்ப்பது நியாயம்.

நேபாளத்தின் 2015ஆம் ஆண்டு அரசியலமைப்பு தாய் வழியாகவும் குடியுரிமை உண்டு என்கிறது. ஆனாலும் அயல்நாட்டவரை மணந்த ஆணின் பிள்ளைக்குக் கிடைக்கும் உரிமை, அயல்நாட்டவரை மணந்த பெண்ணின் பிள்ளைக்கு அதே வடிவில் கிடைப்பதில்லை. மலைக்கிராமத்தின் வழக்கத்தைப் பழமை என்று சொல்பவர்கள் இந்தச் சட்டத்தை என்ன பெயரிட்டு அழைப்பார்கள்?