கள்ளின் பெயரில் ஒரு விஸ்கி

மலாக்கா மாநிலத் தோட்டங்களில் முனியாண்டிக்குப் போடும் படையல் இலையில் என்னென்ன இருக்கும்? இரண்டாக அறுத்துக் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம், வெற்றிலை பாக்கு, சுருட்டு, ஒரு போத்தல் சாராயம். வசதியுள்ள குடும்பம் என்றால் விஸ்கி, இல்லாவிட்டால் ஸ்டவுட். அந்தத் தோட்டங்களை விட்டு வெளியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று ஜாசினிலும் அலோர் காஜாவிலும் தாமான் வீடுகளில் இருக்கிறார்கள். மழை அடித்துப் பெய்யும் ஒரு ராத்திரியில் அப்படி ஒரு வீட்டின் அடுப்பு மேடையில் எலுமிச்சை, கிராம்பு, பட்டை, விஸ்கி நான்கும் சேர்ந்தால், வெற்றிலை பாக்கையும் சுருட்டையும் தவிர முனியின் இலை முழுதும் அங்கே வந்துவிடுகிறது.

செய்முறையில் வித்தை ஒன்றும் இல்லை. ஒரு கோப்பைத் தண்ணீரில் நாலு கிராம்பு, ஒரு துண்டுப் பட்டை, ஒரு நட்சத்திரச் சோம்பு, ஒரு சின்னக் கட்டி குலா மலாக்கா. கட்டி கரைந்து வாசம் எழும்பும்வரை கொதிக்கட்டும். அடுப்பை அணைத்த பிறகுதான் லிமாவ் கஸ்தூரி எலுமிச்சையைப் பிழிய வேண்டும். கொதியில் பிழிந்தால் மணம் போய்க் கசப்புத் தட்டும். விஸ்கி எல்லாவற்றுக்கும் கடைசியில், நாற்பத்தைந்து மில்லி போதும். சாராயம் 78 டிகிரியிலேயே ஆவியாகிவிடும் என்பதால் அதை அடுப்பில் ஏற்றுவது காசைக் கொதிக்கவிடுவதற்குச் சமம்.

பேரன் இப்படிக் கலக்கிக்கொண்டிருக்கிறான், பாட்டி பக்கத்தில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முனிக்கு வைத்தபோது படையலாக இருந்த பொருள், பேரன் கையில் பாவமாகிவிடுகிறதா? ஆகிறது என்றால் எந்த இடத்தில்?

இந்தப் பானத்துக்கு மேல்நாட்டில் வழங்கும் பெயர் ‘ஹாட் டாடி’. மலாயாத் தமிழருக்கு டாடி என்றால் கள்தான். அரசாங்கக் காகிதங்களில் கள்ளுக்கடைக்கு இருந்த பெயரே ‘டாடி ஷாப்’. இரண்டும் ஒரே சொல். வட இந்தியாவில் பனையின் சாற்றுக்குத் ‘தாடி’ என்று பெயர். ஆங்கிலேயர் வாயில் அது டாடியாகிக் கப்பலேறியது. ஸ்காட்லாந்தில் விஸ்கி, வெந்நீர், சர்க்கரை மூன்றையும் கலந்தவர்கள் அந்தக் கலவைக்கு இந்தப் பெயரையே வைத்துக்கொண்டார்கள். ராபர்ட் பர்ன்ஸ் 1786-ல் அச்சிட்ட ஒரு கவிதையில் இளைஞர்கள் உட்கார்ந்து டாடி கலக்குகிறார்கள். அந்தக் கவிதையின் பொருள் கிறிஸ்தவர்களின் திருவிருந்துத் திருவிழா! சாமி கும்பிடப் போன இடத்தில் குடிப்பது தோட்டத்து ஆட்களின் தனிக் குறை என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

பெயர்தான் ஊர் சுற்றியது என்றில்லை, கிராம்பும் சுற்றியது. 1511-ல் போர்ச்சுகீசியரும் 1641-ல் டச்சுக்காரரும் மலாக்காவைப் பிடித்ததில், கிராம்பும் ஜாதிக்காயும் போகும் கடல்வழி முக்கியக் காரணம். பாட்டியின் அஞ்சறைப்பெட்டியில் கிடக்கும் கிராம்புக்காகக் கோட்டை கட்டிச் சண்டை போட்டார்கள்.

பாவம் எந்த இடத்தில் என்ற கேள்விக்கு முதல் பதில் அந்தக் குலா மலாக்காவிலேயே இருக்கிறது. தென்னம்பாளையைச் சீவினால் இனிப்பான சாறு சொட்டும். அதை உடனே காய்ச்சினால் கருப்பட்டி போன்ற கட்டி. அதுதான் இந்த மாநிலத்தின் பெயரைச் சுமந்து உலகமெங்கும் விற்கிறது. காய்ச்சாமல் விட்டால் காற்றிலும் கலயத்திலும் இருக்கும் நுண்ணுயிர்கள் சில மணி நேரத்தில் அதைக் கள்ளாக்கிவிடும். மறுநாளைக்கு மேலும் கிடந்தால் காடி. மரம் ஒன்று, பாளை ஒன்று, சீவிய கை ஒன்று. தமிழ்நாட்டுப் பனையேறிகள் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். பொருளுக்குள்ளேயே பாவம் குடியிருக்கிறது என்பவர், காலையில் இல்லாத பாவம் மத்தியானம் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டியிருக்கும்.

வள்ளுவர் இந்தச் சிக்கலில் மாட்டவே இல்லை. புலால் மறுத்தலை அறத்துப்பாலில் துறவியர் பக்கம் வைத்த அவர், கள்ளுண்ணாமையைப் பொருட்பாலில், 93-ஆம் அதிகாரமாக, வரைவின் மகளிருக்கும் சூதுக்கும் நடுவில் வைத்தார். கை முதலும் மானமும் கரைகிற இடம் அது. அங்கே அவர் நரகத்தைக் காட்டிப் பயமுறுத்தவில்லை. பெற்ற தாயே முகம் சுளிப்பாளே, சான்றோர் முன் எப்படி நிற்பாய் என்றுதான் கேட்கிறார். குடியை அளக்க அவர் எடுத்த கோல், எதிரே நிற்பவரின் முகம். அவருக்கு முந்திய சங்கத்தமிழ் வேறு மாதிரி. அதியமான் இறந்தபோது ஔவை பாடிய கையறுநிலைப் பாட்டு, புறநானூற்றில் 235-ஆவது, அவன் தன்னோடு கள்ளைப் பகிர்ந்த அன்பை நினைத்தே தொடங்குகிறது. அங்கேயும் எடைபோடப்படுவது கள் அல்ல, யாரோடு என்பதுதான்.

தோட்டத்து முனியும் அந்த வகையில்தான் வருகிறார். 1896-ல் டான் சே யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டதிலிருந்து மலாக்காவில் காடுகள் பால்மரக் காடுகளாயின. வெட்டிய நிலத்தின் எல்லையில், ஒரு பெரிய மரத்தடியில் ஒரு சூலமும் ஒரு கல்லும் நின்றன. முனி அங்கே காவல்காரர். பாம்பும் புலியும் திரிந்த இருட்டில், பெரட்டு என்ற அதிகாலைப் பெயரழைப்புக்குப் போகும் ஆட்களுக்கு முன்னால் நடக்கிறவர். ராக்காவலுக்கு நிற்பவருக்குக் குளிர் தாங்க ஒரு போத்தலும் சுருட்டும் கொடுப்பது போலத்தான் அவருக்கும் கொடுத்தார்கள்.

‘சாமியே குடிக்குது, நமக்கென்ன?’ என்று தோட்டத்தில் ஒரு வாதம் உண்டு. சிரிப்பை வரவழைக்கும், ஆனால் நிற்காத வாதம். காவல்காரருக்கு அளந்த கூலியை வீட்டுக்காரனே எடுத்துக் குடித்துவிட்டு, காவல் நடக்கிறது என்று சொல்வது எப்படி? படையல் முடிந்ததும் பொங்கல் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும், போத்தல் ஆண்களுக்கு என்று பிரிந்ததையும் சொல்லத்தான் வேண்டும். பிரசாதத்தில்கூட யார் முன்னால் எது என்ற கணக்கு இருந்தது. பிறகு பல இடங்களில் கல் விக்கிரகமானது, ஆகமக் குடமுழுக்கு வந்தது, முனியாண்டி முனீஸ்வரர் ஆனார், போத்தல் போய்ப் பால்குடம் வந்தது. மலாக்கா நகரில் 1781-லேயே கட்டப்பட்ட ஸ்ரீ பொய்யாத விநாயகர் கோயிலின் வழிபாட்டு ஒழுங்கைத் தோட்டத்துக் கோயில்களும் மெல்ல எட்டிப்பிடித்தன. இது உயர்வா, ஒரு காவல்காரரை வேலையிலிருந்து நிறுத்தியதா என்பதில் தோட்டத்துப் பெரியவர்களிடம் ஒரே கருத்து இல்லை.

கள்ளைச் சாமி விவகாரமாக மட்டும் பார்த்தால் பாதிக் கதை விட்டுப்போகும். பால் வெட்டிய கூலி கையில் வந்த வேகத்தில் கள்ளுக்கடைக்குப் போனது. பல தோட்டங்களில் அந்தக் கடை நிர்வாகத்தின் எல்லைக்குள்ளேயே இருந்தது. 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் ஆர். எச். நாதன் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளில் கூலி உயர்வு இருந்தது, துரை எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பது இருந்தது, கள்ளுக்கடையை மூட வேண்டும் என்பதும் இருந்தது. கெடாவில் தொண்டர் படை இதையே இயக்கமாக்கியது. 1947 பிப்ரவரி 28 அன்று பீடோங் கள்ளுக்கடை முன் நடந்த மறியலில் போலீஸோடு மோதல் ஏற்பட்டு ஒரு தொழிலாளி இறந்தார். அந்தத் தொண்டர்களைத் தூண்டியது மறுபிறவிப் பயம் அல்ல. சைக்கிளைவிட்டு இறங்கும் அதே தலைகுனிவைத்தான் அவர்கள் கலயத்திலும் கண்டார்கள். வள்ளுவர் கள்ளை வைத்த பொருட்பாலில்தான் இவர்களும் நின்றார்கள் என்று சொன்னால் மிகையில்லை.

அக்கம்பக்கத்தில் வேறு அளவுகோல்கள் உண்டு. மலாக்காவில் 1710-ல் எழுந்த புனித பேதுரு ஆலயத்தில் திராட்சை மது பலிபீடத்திலேயே இருக்கிறது. அதே ஊரின் தமிழ் முஸ்லிம் வீட்டுக்கு ஒரு துளியும் கூடாது. அங்கே தாயின் முகம் பார்த்துத் தீர்மானிக்க ஒன்றுமில்லை, கட்டளை இருக்கிறது. நாட்டுச் சட்டம் 2017 டிசம்பரிலிருந்து மது வாங்கும் வயதை 18-லிருந்து 21 ஆக்கியது.

அந்த அடுப்பு மேடைக்குத் திரும்பலாம். தாத்தா குடித்தது கடையில். கள்ளுக்கடை வீட்டைவிட்டுத் தள்ளி இருந்தது வசதிக்கு மட்டுமில்லை. பெற்றவளும் பெண்டாட்டியும் பார்க்காத இடம் அது. பார்க்கும்போது ஆள் தள்ளாடியபடி லயத்துக்கு வந்திருப்பார், சம்பளம் கரைந்திருக்கும். பேரன் குடிப்பதோ வீட்டில், பாட்டி பார்க்க, மில்லி அளந்து. இதை நாகரிகம் என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் தாயின் முகத்தை வள்ளுவர் அளவுகோலாக வைத்தது, அந்த முகம் சுளிக்கும் என்ற நம்பிக்கையில். சுளிக்க மறந்த முகத்தின் முன்னால் அந்தக் கோல் எப்படி அளக்கும்? தாத்தாவுக்கு ஒளிந்துகொள்ளும் அளவுக்காவது வெட்கம் இருந்தது என்று ஒருவர் வாதாடினால், பேரனிடம் அதற்குச் சட்டென்று பதில் இருக்காது. தாத்தா வெட்கப்பட்டதால் பாட்டிக்கு ஒரு வெள்ளிகூட மிஞ்சவில்லையே என்று அவன் திருப்பிக் கேட்டால், அவருக்கும் இருக்காது.

சட்டியில் கட்டி கரைந்துவிட்டது. கிராம்பு வாசம் கூடம்வரை வந்துவிட்டது. அடுப்பை அணைத்துப் பழத்தைப் பிழிந்து, போத்தல் மூடியைத் திருகுகிறான் பேரன். “கொஞ்சம் இரு, ஐயா,” என்கிறார் பாட்டி. அலமாரியிலிருந்து ஒரு டம்ளரை எடுத்து நீட்டுகிறார். “தொண்டை கரகரன்னு இருக்கு. அதை ஊத்துறதுக்கு முன்னாடி எனக்கு ஊத்து.”