வேடத்தின் தர்மம்

இலங்கையில் ஹாலிஎலயிலிருந்து பதுளைக்குச் செல்லும் சாலையின் இருமருங்கும் எழும் மலைச்சரிவுகளிலும், அவற்றைப் போன்ற பிற மலைநாட்டுத் தோட்டங்களிலும், நூறாண்டுகளுக்கு முன்பு தோட்ட நிர்வாகியான துரையின் அனுமதியின்றி அந்நியர் நுழைவது அத்துமீறலாகவே கருதப்பட்டது. புடவை விற்போர் போன்ற சிலருக்கு மட்டுமே அவ்வாயில் திறந்தது. தஞ்சையிலிருந்து வந்த கோ. நடேசய்யர், 1920ஐ ஒட்டிய ஆண்டுகளில் புடவை வியாபாரியாக வேடம் பூண்டு, அந்த வழியாகவே தோட்டங்களுக்குள் புகுந்து, தொழிலாளரின் அவலத்தை நேரில் கண்டு உலகறிய எழுதினார். மனித உரிமைக்காகப் பாடுபட்டோர் வரிசையில் அவருக்குரிய ஸ்தானத்தை மறுப்பாரில்லை; ஆயினும், நியாயத்துக்காகப் போராடுகிறவன் பொய்க்கோலத்தைக் கருவியாகக் கொள்ளலாமா என்ற வினாவை அந்தப் பெருமை தானாகவே தீர்த்துவிடாது.

1917இல் அவுரிக் குடியானவரின் குறைகளைக் கேட்கச் சம்பாரணுக்குச் சென்ற காந்தியடிகள், வெளியேறும்படி பிறந்த ஆணையைப் பகிரங்கமாக மீறி, மோதிஹாரி நீதிமன்றத்தில் அதை ஒப்புக்கொண்டார் என்பதை எதிர்வாதமாகக் காட்டலாம். ஆனால் அக்குடியானவர் தம் கிராமத்தினின்று நடந்து வந்து அவரிடம் வாக்குமூலம் தர முடிந்தது. தோட்டத் தொழிலாளியோ, தன் கடன் தொகை குறித்த துண்டைப் பெறாமல் வேறு தோட்டத்துக்குப் போகவும் இயலாதவன். பொன்னம்பலம் அருணாசலம் போன்றோரின் முயற்சியால் அத்துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்படும் வரை, வாய் திறப்பதற்கே அவனுக்கு இடமில்லை. பேச வரமுடியாதவனிடம் கேட்கச் செல்வோன், வாயிற்காவலனிடம் மெய்யுரைத்துத் திரும்பிவிடுவது தன் மனச்சாட்சிக்குச் சௌகரியமாக இருக்கலாம். அதனால் லயம் என்ற வரிசைக் குடியிருப்பில் இருப்பவனுக்கு ஒரு பயனுமில்லை. துரை இழந்தது இரகசியம் ஒன்றே. அந்த இரகசியத்தின்மீது அவருக்கு உரிமை இருந்ததாக நாம் கருதவில்லை.

உண்மையான சங்கடம் வேறிடத்தில் இருக்கிறது. புடவைக்காரரிடம் மனம் திறந்த தொழிலாளியும் ஏமாற்றப்பட்டவனே. வேடம் கலைந்திருந்தால் ஐயரை வெளியேற்றியிருப்பார்கள். தண்டனையோ, தன் சம்மதமின்றியே சாட்சியாகிவிட்ட அவன்மேல் விழுந்திருக்கும். பிறர் துன்பத்தை எடுத்துரைப்போர் பலரும் இக்கடனை உணர்வதில்லை. எழுதி முடித்ததும் தம் பணி நிறைவேறியதெனச் சென்றுவிடுகின்றனர். நடேசய்யர் அப்படிச் செல்லவில்லை. அவர் இலங்கையிலேயே தங்கி, தம் பெயரால் பத்திரிகை நடத்தி, சட்டசபையில் பேசி, 1931இல் அட்டனில் அகில இலங்கைத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். அவர் மனைவியார் மீனாட்சியம்மாளும் தொழிலாளர் கூட்டங்களில் தாமே இயற்றிய பாடல்களைப் பகிரங்கமாகப் பாடினார். கேட்டறிந்த துயரத்தின் விளைவுகளைத் தாமும் தொழிலாளரோடு நின்று ஏற்கத் துணிந்த பிறகே, அந்த வேடத்துக்கு நியாயம் கிடைத்தது என்பது நம் துணிபு.

1940இல் வேறொரு சங்கத்தின் தலைமையில் ஊவாவில் வேலைநிறுத்தங்கள் பரவியபோது, பதுளைக்கருகே வேவெஸ்ஸ தோட்டத்துத் தொழிலாளர் தமக்குள் குழு அமைத்துக்கொண்டு, தம் கோரிக்கைகளைத் தாமே துரையின் முன் வைத்தனர்.