பரிந்து பேசுபவரின் தகுதி

இன்னொருவர் படும் பாட்டை அவருக்காக நான் எடுத்துச் சொல்ல எனக்கு என்ன தகுதி? திருச்சி ஆட்சியர் அலுவலகத்துக்கு வெளியே மனு எழுதிக் கொடுத்துப் பிழைப்பவன் நான். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் பட்டா, பாதை, குடிநீர், உதவித்தொகை என்று ஆளுக்கொரு குறையோடு வருவார்கள். அரை மணி நேரம் அழுது சொல்வதை அரைப் பக்கத்தில் எழுதித் தர வேண்டும். அதனால் இந்தக் கேள்வி தினமும் என் முன்னால் வந்து நிற்கிறது. நாடாளுமன்றத்தில் எழுந்து நிற்கும் ஒவ்வோர் உறுப்பினரும் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்று நினைக்கிறேன்.

எனக்கு வழி காட்டியது ஸ்ரீரங்கத்தில் அப்பாவோடு கேட்ட காலட்சேபம். உயிருக்கும் பெருமாளுக்கும் நடுவே நின்று பரிந்து பேசுபவள் பிராட்டி. அதைப் புருஷகாரம் என்பார்கள். அப்படிப் பேச மூன்று குணங்கள் வேண்டும் என்று ஸ்ரீவசன பூஷணம் என்ற நூலில் பிள்ளை லோகாசாரியர் வகுத்திருக்கிறார்: கிருபை, பாரதந்திரியம், அநந்யார்ஹத்வம். பிறர் துன்பம் பொறுக்காத மனம், தலைவனுக்கு அடங்கி நிற்பது, அவனைத் தவிர வேறு யாருக்கும் உரியவளாக இல்லாமை. இந்த மூன்றும் கோயிலோடு முடிந்துவிடுபவை அல்ல.

முதலில் கிருபை. லால்குடிப் பக்கத்துப் பாட்டி ஒருவர் வந்திருந்தார். மருந்துச் சீட்டை நாலாக மடித்து முந்தானையில் முடிந்து வைத்திருந்தார். "ரேஷன்ல அரிசி கெடச்சுருது தம்பி. மாத்திரை வாங்குனா பால் வாங்க முடியல. இந்த 1,200 ரூவாயக் கொஞ்சம் கூட்டித் தரச் சொல்லி எழுதுங்க" என்றார். அதை ஆட்சியரால் கூட்டித் தர முடியாது. மாநில அரசு தன் பங்குக்கு ஏற்றியதால்தான் 1,200 வருகிறது. தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டத்தில் 60 முதல் 79 வயது வரை உள்ளவருக்கு மத்திய அரசின் பங்கு மாதம் 200 ரூபாய். பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக அது அசையவில்லை. விலைவாசி எங்கோ போய்விட்டது. பாட்டியின் மனு போய்ச் சேர வேண்டிய இடம் தில்லி. அதை அங்கே கொண்டுபோகக்கூடியவர் அவருடைய தொகுதி உறுப்பினர்தான்.

வழியும் இருக்கிறது. மக்களவையில் காலை 11 மணிக்குக் கேள்வி நேரம். நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் நாளொன்றுக்கு 20. அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும், துணைக் கேள்விகளையும் சந்திக்க வேண்டும். அதன்பின் பூஜ்ய நேரம்; விதி 377-இன் கீழும் தொகுதிப் பிரச்சினையை எழுப்பலாம். கிடைப்பது சில நிமிடங்கள்தான். பாட்டியின் மருந்துச் சீட்டு மனத்தில் இருப்பவர் பேசினால் அந்த 200 ரூபாய் அவையில் உறைக்கும். இல்லாதவர் வாயில் அது வெறும் புள்ளிவிவரம்.

அடுத்தது பாரதந்திரியம். இங்கேதான் கோயிலுக்கும் நாடாளுமன்றத்துக்கும் திசை மாறுகிறது. அங்கே கேட்பவன் அடியவன், கொடுப்பவன் தலைவன். குடியாட்சியிலோ பாட்டிதான் தலைவி. அமைச்சர் அவருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். ஆகவே உறுப்பினர் அவையில் அருளுக்கு இறைஞ்ச வேண்டியதில்லை, கணக்குக் கேட்க வேண்டும். அவர் அடங்கி நிற்க வேண்டியது மக்களுக்கு. கட்சிக் கொறடா இருக்கிறாரே என்பார்கள். 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி கொறடாவின் கட்டளை வாக்கெடுப்பில்தான் கட்டுப்படுத்துகிறது. கேள்வி கேட்டதற்காக அந்தச் சட்டத்தின் கீழ் யாருடைய பதவியும் பறிபோகாது. அந்த இடத்தில் மனச்சாட்சிக்குப் பூட்டு இல்லை.

மூன்றாவது அநந்யார்ஹத்வம்: மக்களைத் தவிர வேறு யாருக்கும் உரியவராக இல்லாமை. 2005 டிசம்பரில், கேள்வி கேட்கப் பணம் வாங்கியதற்காக 11 உறுப்பினர்கள் இரு அவைகளிலிருந்தும் வெளியேற்றப்பட்டார்கள். ஒரு கேள்வியை விற்றவர் விற்றது தன் நாக்கை அல்ல. அந்த இடத்தில் ஒலித்திருக்க வேண்டிய லட்சக்கணக்கானவர்களின் குரலை. இதைவிடப் பெரிய பாவம் அந்தப் பதவியில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

தொகுதிக்காகப் பேசுவதா, நாட்டுக்காகப் பேசுவதா என்றொரு பழைய வழக்கு உண்டு. 1774-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் வாக்காளர்களிடம் எட்மண்ட் பர்க், உறுப்பினர் ஊரின் ஏவலாள் அல்ல, முழு நாட்டின் நலனை எண்ணிப் பார்க்க வேண்டியவர் என்று வாதிட்டார். அயர்லாந்து வணிகத்தின் மீதிருந்த தடைகளைத் தளர்த்த ஆதரவு தந்து ஊர் வணிகர்களின் கோபத்தைத் தேடிக்கொண்டார். 1780-இல் அந்தத் தொகுதியை இழந்தார். பிராட்டி உபதேசத்தால் உயிர், பெருமாள் இருவரையும் திருத்துகிறாள் என்கிறது ஸ்ரீவசன பூஷணம். அதுவே எனக்குச் சரியாகப் படுகிறது. ஊரின் வலியை அரசுக்குச் சொல்ல வேண்டும். கசந்தாலும் நாட்டின் நியாயத்தை ஊருக்கும் சொல்ல வேண்டும். ரயில் நிறுத்தம் கேட்பது சின்ன விஷயம் என்று ஏளனம் செய்வது தவறு. வேலைக்குப் போகிறவனுக்கு அந்த இரண்டு நிமிடம்தான் நாடு.

தொகுதி என்று ஒன்று இல்லாதவர்களுக்காகவும் பேசலாம். திருநர் உரிமைக்காக உறுப்பினர் திருச்சி சிவா கொண்டுவந்த தனிநபர் மசோதா 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவையில் நிறைவேறியது. மக்களவையைத் தாண்டிச் சட்டமாகவில்லை. 1970-க்குப் பிறகு எந்தத் தனிநபர் மசோதாவும் சட்டமானதில்லை. ஆனால் ஒதுக்கப்பட்டவர்களின் வாழ்க்கையை ஓர் அவை முழுதும் ஏற்றுக்கொண்டது என்பதை யாரும் அழிக்க முடியாது.

கிடைக்குமா என்பது பரிந்து பேசுபவர் கையில் இல்லை; கேட்பது அவர் கையில் இருக்கிறது. கேட்க வைப்பது நம் கையில். உங்கள் உறுப்பினர் என்ன கேட்டார், என்ன பதில் வந்தது என்பதெல்லாம் நாடாளுமன்ற இணையதளத்தில் இருக்கிறது. எடுத்துப் படியுங்கள். கேள்விக்குக் குறைந்தது 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும். கூட்டத்தொடர் தொடங்கும் முன்பே உங்கள் ஊர்க் குறையை எழுதி அவரிடம் கொடுங்கள். அதில் 'பணிவுடன்' என்று எழுதுவது உங்கள் பண்பு. கேட்பது உங்கள் உரிமை.