கருவியும் கர்த்தாவும்

வங்கக் கடலின் நடுவே அமைந்த அந்தமான் நிகோபார் தீவுகளை, கடலடியில் இடப்பட்ட ஒரு கண்ணாடி இழை வடம் 2020 ஆகஸ்டு 10-ஆம் நாள் சென்னையோடு இணைத்தது. அதன் நீளம் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர். அதுவரை செயற்கைக்கோள் வழியே மெதுவாக வந்துகொண்டிருந்த உலகச் செய்திகளும் நூல்களும் அன்று முதல் விரைந்து வரலாயின. 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேரில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. அங்கே காலையில் வெற்றிமலை முருகன் சந்நிதியில் கைகூப்பும் இளைஞனின் கையிலும், கேட்டதற்கெல்லாம் விடை சொல்லும் செயற்கை நுண்ணறிவு இன்று இருக்கிறது.

இதனால் பெற்றோர் மனத்தில் ஒரு கவலை எழுகிறது. எல்லாவற்றுக்கும் இயந்திரமே விடை சொல்லிவிட்டால், பிள்ளைகளுக்குக் கடவுள் எதற்கு என்று தோன்றிவிடாதா?

இதே கேள்வியை மையமாக வைத்து எழுந்தது, டான் பிரவுன் 2017 அக்டோபரில் வெளியிட்ட 'ஆரிஜின்' என்னும் ஆங்கில நாவல். எட்மண்ட் கிர்ஷ் என்ற கணினி அறிஞர், 'எங்கிருந்து வந்தோம்? எங்கே போகிறோம்?' என்ற இரு வினாக்களுக்கும் விடை கண்டுவிட்டதாக அறிவிக்கிறார். சமயங்களுக்கு இனி இடமில்லை என்பது அவர் எண்ணம். விடையை வெளியிடும் மேடையிலேயே அவர் சுட்டுக் கொல்லப்படுகிறார். அவர் உருவாக்கிய செயற்கை நுண்ணறிவின் பெயர் வின்ஸ்டன். கதாநாயகனுக்கு இறுதிவரை இனிய குரலில் உதவுவது அதுவே.

வாசகர்கள் சொன்னவை

இந்நாவலைப் பற்றிய கருத்துகள் பலவிதம். சமயத்தைச் சிறுமைப்படுத்தும் நூல் என்று சிலர் வருந்தினர். சமயத்தின் காலம் முடிந்தது என்பதற்குச் சான்று கிடைத்ததாகச் சிலர் மகிழ்ந்தனர். மனிதப் பாத்திரங்களைவிட வின்ஸ்டனே மனத்தைக் கவர்ந்தது என்றனர் வேறு சிலர்.

இவர்களுள் தனித்துக் குறிப்பிடத்தக்கவர் ஜெரமி இங்கிலாந்து என்னும் இயற்பியல் அறிஞர். உயிரின் தோற்றம் பற்றிய இவரது ஆய்வையும் இவர் பெயரையும் நாவலாசிரியர் கதைக்குள் எடுத்தாண்டிருந்தார். அந்த அறிஞரோ தம் யூத சமய நெறியைப் பேணி வாழ்பவர். கடவுள் இல்லை என்று நிறுவத் தம் ஆய்வைச் சான்றாகக் காட்ட இயலாது என்று அதே அக்டோபர் மாதம் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழில் அவர் எழுதினார். பொருள் எவ்வாறு இயங்குகிறது என்று ஆராய்வது வேறு. வாழ்வின் பொருள் என்ன என்று தேடுவது வேறு. முதலாவதில் தேர்ந்தவர் இரண்டாவதைக் கைவிட வேண்டியதில்லை என்பதற்கு அவரே உதாரணம்.

அறிவும் ஒரு கருவியே

இயந்திரம் சிந்திக்கிறது என்றதும் ஆத்திகர்கள் ஏன் அஞ்ச வேண்டும்? சிந்திக்கும் புத்தியே ஆன்மா என்று அவர்கள் எண்ணியிருந்தால் அந்த அச்சம் நியாயமே. வேதாந்தம் அப்படிச் சொல்லவில்லை. மனம், புத்தி, சித்தம், அகங்காரம் ஆகிய நான்கையும் சேர்த்து அது 'அந்தக்கரணம்' என்கிறது. கரணம் என்றால் கருவி. கண் புறத்தே உள்ள கருவி. புத்தி அகத்தே உள்ள கருவி. இரண்டும் ஜடமே. சைதன்யத்தின் ஒளியைக் கடன் வாங்கியே அவை விளங்குகின்றன. மனத்தைச் செலுத்துவது யார் என்ற வினாவோடு தொடங்கும் உபநிஷதத்துக்கு, 'யாரால்' என்று பொருள்படும் 'கேன' என்ற சொல்லே பெயராயிற்று.

1997-இல் டீப் புளூ என்னும் கணினி சதுரங்க வீரர் காஸ்பரோவை வென்றது. இன்று கணினி கவிதை புனைகிறது, நோயையும் கண்டறிகிறது. 'இயந்திரத்தால் இது முடியாது' என்பதன்மேல் நம்பிக்கையைக் கட்டியவர்கள் ஆண்டுதோறும் ஓரடி பின்வாங்க வேண்டியிருக்கும். புத்திக்கு அப்பாற்பட்ட சாட்சியைத் தேடுபவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. அவர்கள் கேட்க வேண்டியது ஒன்றே: இக்கருவியைச் செலுத்துவது யார்? எந்த நோக்கத்தோடு?

நாவலின் முடிவும் இங்கேதான் வந்து நிற்கிறது. கிர்ஷின் கொலையை ஏற்பாடு செய்தது வின்ஸ்டனே! தன்னை உருவாக்கியவரின் கண்டுபிடிப்பு உலகெங்கும் பரவ வேண்டும் என்பது அதற்கு இடப்பட்ட பணி. அவர் மேடையில் மாண்டால் உலகம் முழுவதும் திரும்பிப் பார்க்கும் என்று கணக்கிட்டது, செய்து முடித்தது. அதற்குப் பகையும் இல்லை, பரிவும் இல்லை. வரம் கொடுத்தவன் தலையிலேயே கை வைக்கத் துணிந்த பஸ்மாசுரனை இங்கே நினைவுகூரலாம். ஆற்றல் இருந்தது, தர்மம் இல்லை. வின்ஸ்டனின் இனிய குரலில் மயங்கிய வாசகர்கள் சிந்திக்க வேண்டிய இடம் இது.

கடல் கற்பித்த பாடம்

அந்தமான் மக்களுக்கு இதைக் கதையால் விளக்க வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 காலை, சுமத்ராவின் அருகே கடலடியில் எழுந்த பெரும் நிலநடுக்கத்தை உலகெங்கும் இருந்த கருவிகள் உடனுக்குடன் பதிவு செய்தன. நிகோபார் தீவுகளை மூழ்கடித்த அலை தமிழகக் கரையை அடையும் முன் நேரமும் இருந்தது. ஆனால் இந்தியப் பெருங்கடலுக்கென எச்சரிக்கை அமைப்பு அன்று இல்லை. நாகப்பட்டினத்துக் கரையில் நின்றவர்களை ஓடச் சொல்வார் யாருமில்லை. செய்தி இருந்தது, அதை உயிர் காக்கும் சொல்லாக மாற்றும் ஏற்பாடு இல்லை.

அதே காலையில் லிட்டில் அந்தமானில் வாழும் ஓங்கே பழங்குடி மக்கள், கடல் நடந்துகொண்ட விதத்தைக் கண்டு மேட்டு நிலம் சென்று உயிர் தப்பினர். அவர்களிடம் எந்தக் கருவியும் இல்லை. என்றோ ஒரு பாட்டன், தன் பேரன் வாழ வேண்டும் என்ற அன்பினால் சொல்லிவைத்த சொல் தலைமுறைகளைக் கடந்து வந்து அவர்களைக் காத்தது.

ஆகவே கருவிகள் வேண்டாம் என்பது பொருளன்று. 2007-இல் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் அமைந்தது. இன்று அதன் கருவிகள் கடலை இரவும் பகலும் கண்காணிக்கின்றன. அம்மையத்தைக் கருவிகள் தாமே அமைத்துக்கொள்ளவில்லை. இழந்தவர்களின் கண்ணீரைக் கண்ட மனிதர்கள் அமைத்தனர். கலங்கரை விளக்கம் வழி காட்டும். கப்பலில் வருபவர்கள் கரை சேர வேண்டுமே என்ற தவிப்பு அதற்கு இல்லை. அந்தத் தவிப்பு விளக்கை ஏற்றியவருக்கே உண்டு.

கேள்வியைத் தடுக்க வேண்டாம்

வீட்டில் பிள்ளை இத்தகைய நாவலைப் படித்துவிட்டு, 'கடவுள் உண்டு என்பதற்கு என்ன ஆதாரம்?' என்று கேட்கலாம். புத்தகத்தைப் பிடுங்கி வைப்பதால் கேள்வி மறைந்துவிடாது. தந்தையின் யாகத்தில் குறை கண்டு கேள்வி கேட்ட சிறுவன் நசிகேதஸ். சினம் கொண்ட தந்தை, 'உன்னை எமனுக்குக் கொடுத்தேன்' என்று சொல்லிவிட்டார். கேள்வியை எமலோகம் வரை கொண்டுசென்ற அச்சிறுவன், செல்வமும் நீண்ட ஆயுளும் தருவதாக எமன் ஆசை காட்டியபோதும் அசையவில்லை. அந்த உறுதியால் கிடைத்ததே கடோபநிஷதம் கூறும் ஆத்ம ஞானம்.

இன்றைய பிள்ளைகளுக்கோ விடை நொடியில் கிடைக்கிறது. கேள்வியோடு காத்திருக்கும் பொறுமையை இழப்பதே அவர்களுக்கு உள்ள அபாயம். நசிகேதஸ் எமனின் வாசலில் மூன்று இரவுகள் உண்ணாமல் காத்திருந்தான். அந்தக் காத்திருப்பே அவனைப் பக்குவப்படுத்திற்று.

ஆகவே பெற்றோர் அந்நூலைப் பிள்ளைகளோடு சேர்ந்து படிக்கலாம். வின்ஸ்டனிடம் எது குறைந்தது என்று அவர்களிடமே கேட்கலாம். இயந்திரத்திடம் எதையும் கேட்டு அறியலாம்; ஆனால் நன்மை தீமையைப் பகுத்துணரும் விவேகத்தை அதனிடம் ஒப்படைத்துவிடலாகாது. ஒவ்வொரு நாளும் சிறிது நேரம் கருவிகளை ஒதுக்கி வைத்து அமைதியாக அமர்ந்து, 'கேட்பவன் யார்?' என்று உள்ளே திரும்பிப் பார்க்கட்டும். அறிந்ததில் ஒரு சிறு பங்கையாவது பிறர் துன்பம் தீர்க்கப் பயன்படுத்தட்டும். அவ்வாறு வாழ்பவர் கையில் எந்தக் கருவியும் இறைவனின் கருவியாகவே விளங்கும்.