திருமாளிகையின் தாய்: ஆழ்வான் தேவிகளான ஆண்டாள்

ஸ்ரீ:
ஸ்ரீமதே சடகோபாய நம:
ஸ்ரீமதே ராமானுஜாய நம:
ஸ்ரீமத் வரவரமுநயே நம:

ஒரு திருமாளிகையில் வயது முதிர்ந்த தாயார் ஒருவர் ஆசார்யன் திருவடியை அடைந்தால், அங்கே இரண்டு குரல்கள் எழக் காண்கிறோம். இனி இந்தத் திருமாளிகைக்கு யார் கதி என்று கலங்கும் குரல் ஒன்று. ஆத்மா நித்யம், தேஹம் அநித்யம், இதில் அழுவதற்கு என்ன இருக்கிறது என்று சாஸ்த்ரத்தை எடுத்துரைக்கும் குரல் மற்றொன்று. முதற்குரல் எம்பெருமான் செய்த உபகாரத்தை மறந்துவிடுகிறது. இரண்டாவது குரல், அவன் எவர் மூலமாக அந்த உபகாரத்தைச் செய்தானோ அவரையே மறந்துவிடுகிறது. இவ்விரண்டுக்கும் நடுவே நம் பூர்வாசார்யர்கள் நடந்து காட்டிய வழி எது என்பதை, கூரத்தாழ்வானின் தேவிகளும் பராசர பட்டரின் திருத்தாயாருமான ஆண்டாளின் வைபவத்தைக் கொண்டு இங்கு அநுபவிக்கலாம்.

ஆண்டாள் க்ரந்தம் எதுவும் அருளிச்செய்தவரல்லர். வாதத்தில் எவரையும் வென்றவரல்லர். ஆயினும் குருபரம்பரை வைபவத்தைச் சொல்லும் நம் பெரியோர், ஆழ்வானையும் பட்டரையும் பற்றிப் பேசுமிடங்களில் இவரை விட்டுப் பேச முடியவில்லை. ஒரு தாயாரின் பெருமை பெரும்பாலும் இப்படித்தான் விளங்குகிறது. தம்மைப் பற்றி ஏதும் சொல்லாமல் இருந்தவரைச் சொல்லாமல் பிறர் சரித்ரம் நிறைவு பெறுவதில்லை.

காஞ்சிக்கு அருகிலுள்ள கூரத்தில் ஆழ்வான் பெருஞ்செல்வராய் எழுந்தருளியிருந்தார். அவருடைய திருமாளிகையில் நாள்தோறும் அன்னதானம் நடந்துவந்தது. அச்செல்வத்தையெல்லாம் துறந்து, எம்பெருமானார் திருவடிகளே தஞ்சம் என்று அவர் திருவரங்கம் நோக்கிப் புறப்பட்டபோது ஆண்டாளும் உடன் நடந்தார். காட்டு வழியில் செல்லுகையில், இவ்விடத்தில் பயம் உண்டோ என்று ஆண்டாள் வினவினார். கையில் ஏதேனும் இருந்தாலன்றோ பயம், ஏதும் கொண்டுவந்தாயோ என்று ஆழ்வான் கேட்டருள, தேவரீர் அமுது செய்வதற்காக ஒரு பொன்வட்டிலை மட்டும் எடுத்துவந்ததாக விண்ணப்பித்தார். ஆழ்வான் அதை வாங்கி எறிந்துவிட்டு, இனி அச்சமில்லை என்று நடந்தார். மடியில் கனமில்லையேல் வழியில் பயமில்லை என்று நம் நாட்டார் சொல்லும் வார்த்தையின் பொருள் அந்தக் காட்டில் விளங்கிற்று.

இங்கே நாம் ஆழ்வானின் வைராக்யத்தைக் கொண்டாடுகிறோம், அது தக்கதே. அந்த வட்டில் எதற்காக வந்தது என்பதையும் நோக்க வேண்டும். அவ்வளவு பெரிய ஐச்வர்யத்தில் தமக்கென்று ஆண்டாள் ஒன்றும் எடுத்துக்கொள்ளவில்லை. தம் பர்த்தா உண்பதற்கென்று ஒரு பாத்ரம் மட்டுமே எடுத்துவந்தார். அதுவும் போனபோது எதிர்வார்த்தை சொன்னாரில்லை. எல்லாவற்றையும் விடுகிறவருக்கு ஒரு பெருமை உண்டென்றால், விடப்பட்ட பின்னும் முகம் வாடாமல் உடன் நடப்பவருக்கும் அதே அளவு பெருமை உண்டு.

திருவரங்கத்தில் ஆழ்வான் உஞ்சவ்ருத்தியால் தேஹயாத்ரை நடத்திவந்தார். ஒருநாள் பெருமழையால் வெளியே எழுந்தருள இயலாமற்போயிற்று. முன்பு அன்னதானம் செய்த கைகளுடையவர் அன்றிரவு அமுது செய்யாமலே பகவத் குணங்களை அநுஸந்தித்திருந்தார். அவ்வேளையில், பெரிய பெருமாள் அரவணை அமுது கண்டருளுகிற திருச்சின்ன ஓசை ஆண்டாளின் செவியில் விழுந்தது. உம்முடைய அடியார் இங்கே பட்டினியாயிருக்க, தேவரீர் அங்கே அமுது செய்தருளுகிறீரே என்று அவர் திருவுள்ளத்தில் ஒரு நினைவு எழுந்தது. வாய் திறந்து அவர் ஏதும் கேட்கவில்லை. எழுந்த நினைவுக்கே பெரிய பெருமாள் இரங்கி, உத்தம நம்பி மூலமாக அரவணை ப்ரஸாதத்தைச் சகல மரியாதைகளுடன் ஆழ்வான் திருமாளிகைக்கு அனுப்பியருளினார்.

ப்ரஸாதம் வந்தது கண்டு ஆழ்வான் மகிழவில்லை. பெருமாளிடம் ஏதேனும் வேண்டினாயோ என்று தேவிகளைக் கேட்டார். ஆண்டாள் தம் நினைவை மறைக்காமல் விண்ணப்பித்தார். எம்பெருமானை ரக்ஷகன் என்று நம்பியிருக்கிறவர்கள் அவனுக்கு ரக்ஷணத்தை நினைவூட்டலாமோ என்று ஆழ்வான் வருந்தினார். பின்பு இரண்டு திரளை மாத்ரம் ஸ்வீகரித்து, அதில் தேவிகளுக்கும் அளித்தார். அந்த ப்ரஸாத விசேஷத்தாலே பராசர பட்டர், வேதவ்யாஸ பட்டர் என்னும் இரு குமாரர்கள் திருவவதரித்தனர் என்று பெரியோர் அருளிச்செய்வர்.

இவ்விடத்தைச் சற்று நின்று அநுபவிக்க வேண்டும். ஆழ்வான் சொன்னது ஸ்வரூபத்துக்குச் சேர்ந்த வார்த்தை, அதில் ஐயமில்லை. ஆனால் ஆண்டாளின் நினைவு தம் வயிற்றுப்பசியைப் பற்றியதன்று. அவரும் அன்று பட்டினிதான். அதை அவர் நினைக்கவே இல்லை. ஒரு பாகவதர் பட்டினி கிடப்பதைப் பொறுக்கமாட்டாத நெஞ்சிலிருந்து வந்தது அது. தனக்கென்று கேட்டால் அது ஸ்வரூபத்துக்குக் குறை. அடியாருக்காக நெஞ்சுருகினால் அதை எம்பெருமான் குறையாகக் கொள்வதில்லை. அதற்காகத் தானே ஆள் அனுப்புகிறான். ஆழ்வான் தேவிகளைத் திருத்தினார். பெருமாளோ தேவிகளின் நினைவுக்குப் பலன் தந்தார். ஸம்ப்ரதாயத்துக்குப் பட்டரைப் போன்ற ஓர் ஆசார்யன் கிடைத்தது இவ்விரண்டும் சேர்ந்த இரவினாலே.

எம்பெருமானார் இச்செய்தி கேட்டு எழுந்தருளி, எம்பாரைக் கொண்டு குழந்தையை எடுத்துவரச் செய்தபோது த்வய மந்த்ரத்தின் பரிமளம் வீசக் கண்டார். குழந்தையின் ரக்ஷைக்காக த்வயத்தை உச்சரித்ததாக எம்பார் விண்ணப்பிக்க, அவரையே ஆசார்யராக நியமித்தருளினார். பராசரர், வ்யாஸர் என்று திருநாமம் சாற்றியதால், ஆளவந்தார் திருமேனிமுன் தாம் செய்த ப்ரதிஜ்ஞைகளில் ஒன்றையும் நிறைவேற்றிக்கொண்டார். பெரிய பெருமாளும் நாச்சியாரும் பட்டரைத் தம் பிள்ளையாகவே அபிமானித்தனர். பெற்ற தாய் தம் பிள்ளையை வேறொரு தாய்க்குக் கொடுத்துவிட்டு அருகிலிருந்து வளர்ப்பதற்கு எத்தனை பெரிய நெஞ்சம் வேண்டும்! ஆயினும் அவர் தாயின் கடமையை விட்டாரில்லை. குமாரர்கள் வளர்ந்தபின் அவர்களுடைய விவாஹத்தைப் பற்றி ஆழ்வானுக்கு நினைவூட்டியவர் ஆண்டாளே. பெருமாளின் குடும்பத்துக்கு நாம் கவலைப்படுவதாவது என்று ஆழ்வான் இருந்தார். தேவிகள் சொன்னதற்காகவே அவர் கோயிலுக்கு எழுந்தருள, அவர் திருமுகம் கண்டு பெருமாள் தாமே வினவியருளினார் என்பர். பாரம் அவனுடையது என்று இருப்பது ஒரு நிஷ்டை. அந்த நிஷ்டையில் இருப்பவரின் இல்லத்தில் காலத்தில் நடக்க வேண்டியவை நடக்கும்படி பார்ப்பது மற்றொரு கைங்கர்யம்.

பின்னர் வந்தது இருண்ட காலம். சோழனுடைய உபத்ரவத்தால் எம்பெருமானார் மேல்நாட்டுக்கு எழுந்தருள, அவருடைய காஷாயத்தைத் தரித்து ராஜஸபைக்குச் சென்ற ஆழ்வான் திருக்கண்களை இழந்து மீண்டார். பெரிய நம்பி வழியிலேயே திருநாடு எய்தினார். திருவரங்கம் திரும்பிய ஆழ்வானைச் சந்நிதிக்குள் விடுவதற்கு, எம்பெருமானாரோடு சம்பந்தம் உடையவராயினும் நற்குணங்கள் நிறைந்தவர் என்னும் காரணம் சொல்லப்பட்டபோது, அந்த சம்பந்தத்தை விட்டுப் பெறும் சேவை தமக்கு வேண்டா என்று அவர் குடும்பத்துடன் திருமாலிருஞ்சோலைக்குப் புறப்பட்டார். கூரத்தை விட்டு நடந்த ஆண்டாள் இப்போது அரங்கத்தையும் விட்டு நடந்தார். முதற்பயணத்தில் செல்வம் போயிற்று. இரண்டாவதில் பெரிய பெருமாளின் சேவையும் போயிற்று. அழகரைக் குறித்து ஆழ்வான் ஸுந்தரபாஹு ஸ்தவத்தை அருளிச்செய்தது இக்காலத்தில்தான். கண் இழந்த ஒருவர் அழகைப் பாடும்படி அவருடைய திருமாளிகை அமைதியாய் இருந்ததென்றால், அதற்கு யார் காரணம் என்று நாம் ஊஹித்துக்கொள்ளலாம்.

எம்பெருமானார் திருவரங்கம் மீண்டபின், ஆழ்வான் பெருமாளிடம் மோக்ஷத்தை வேண்டிப் பெற்றார். தேவிகளை அழைத்து, உன் நினைவு என்ன என்று கேட்டபோது, தேவரீருடைய நினைவே அடியேனுக்கு நினைவு என்னும்படியாக ஆண்டாள் விண்ணப்பித்தார். பிள்ளைப்பிள்ளையாழ்வான் மடியில் திருமுடியும் ஆண்டாள் மடியில் திருவடிகளுமாக ஆழ்வான் திருநாட்டுக்கு எழுந்தருளினார். அந்தப் பிரிவுக்கு எம்பெருமானாரே ஆற்றாமல் வருந்தினார் என்பதை நாம் மறக்கலாகாது. கலங்குவது அஜ்ஞானம் என்று சொல்லுகிறவர்கள், ஜ்ஞானத்துக்கெல்லாம் இருப்பிடமானவர் அன்று ஏன் கலங்கினார் என்பதற்கு விடை சொல்ல வேண்டும்.

பட்டரின் முறையும் வந்தது. கைசிக த்வாதசியன்று கைசிக புராணத்தை விண்ணப்பம் செய்ததற்குப் பெருமாள் உகந்து பரமபதத்தையே தந்தருள, பட்டர் திருமாளிகைக்கு எழுந்தருளி, ஸ்ரீவைஷ்ணவர்களுக்குத் ததீயாராதனம் செய்வித்து, திருநெடுந்தாண்டகத்துக்கு அர்த்தம் அருளிச்செய்துகொண்டே திருநாடு எய்தினார். தாயார் இருக்கையில் பிள்ளை முந்தினார். இளைய குமாரர் வேதவ்யாஸ பட்டர் துயரம் தாங்காமல் கதறியபோது, பட்டர் பரமபதம் பெற்றது உமக்குப் பொறுக்கவில்லையோ என்னும் கருத்துப்பட ஆண்டாள் வினவினார். அதைக் கேட்டவுடனே அவர் தெளிந்து க்ஷமை வேண்டினார்.

இது கல்நெஞ்சின் வார்த்தையோ? ஒரு பாகவதர் மழை நாளில் ஒருவேளை உண்ணாததைப் பொறுக்காதவருடைய வார்த்தை இது. பிள்ளையை இழந்த தாய்க்கு இல்லாத துயரம் தம்பிக்கு இருக்குமோ? ஆண்டாள் துயரத்தைப் பழிக்கவில்லை. போனவருடைய பேற்றை மறந்து தன் இழவை மட்டுமே எண்ணும் துயரம் மெல்லப் பொறாமையின் உருவம் கொள்ளும் என்பதையே காட்டினார். எம்பெருமானாரின் கலக்கம் ஆழ்வானைப் பற்றியது. ஆகையால் அது ப்ரேமம். தன்னைப் பற்றிய கலக்கத்துக்கே மருந்து வேண்டும். இந்த வேறுபாட்டை அறிந்துகொண்டால் நாம் அழலாம். அழுதுகொண்டே மகிழவும் செய்யலாம்.

திருவாய்மொழி 10.9 இல் நம்மாழ்வார் இந்த மகிழ்ச்சியின் காரணத்தைக் காட்டியருளுகிறார். எம்பெருமானின் அடியார் செல்லுகையில் மேகங்கள் வாத்யம் முழக்குகின்றன. கடல்கள் அலைக்கை எடுத்து ஆடுகின்றன. வழிநெடுகத் தேவர்கள் எதிர்கொள்கிறார்கள். திருநாட்டிலே பூர்ணகும்பமும் மங்கள தீபமும் ஏந்திவந்து உபசரிக்கிறார்கள். வந்தவரின் திருவடிகளை விளக்குகிறார்கள். வாழ்நாளெல்லாம் வந்தவர்க்குக் கால் கழுவ நீர் தந்து, இலை போட்டு, தான் கடைசியில் உண்ட ஒரு தாயாரை, அங்கே பிறர் எதிர்கொண்டு உபசரிக்கும் காட்சி இது. நம் திருமாளிகைகளில் சரமகைங்கர்யத்தின்போது ஸ்ரீசூர்ண பரிபாலனம் செய்வதும், திவ்யப்ரபந்தம் ஸேவிப்பதும் இந்த எதிர்கொள்ளலோடு நாமும் சேர்ந்துகொள்வதற்கே.

ஆகையால், தம் இல்லத்துத் தாயாரைப் பிரிந்திருக்கும் அடியார்களுக்கு நாம் விண்ணப்பிப்பது இதுவே. திருவரங்கத்திலிருந்தாலும், கடல் கடந்த நாட்டிலிருந்தாலும், அவர் நடத்திவந்த திருவாராதனம் ஒருநாளும் நிற்கலாகாது. அவர் பேரக்குழந்தைகளுக்குச் சொல்லித்தந்த திருப்பாவையை, அவர் ஸேவித்த அதே ராகத்தில் அக்குழந்தைகள் தம் குழந்தைகளுக்குச் சொல்லட்டும். அவருடைய திருவத்யயனத்தன்று உறவினரை மட்டும் அழைக்காமல், உறவில்லாத ஓர் அடியாரையாவது அழைத்து அமுது செய்விக்கவும். அவர் எவரெவருக்கு உதவினார் என்பதைக் கேட்டறிந்து, அந்த உதவி நின்றுபோன இடத்தில் நாம் தொடரவும். அவர் கொண்டுவந்த பொன்வட்டில் எது, அவர் எறியச் சம்மதித்தது எது என்பதைக் குழந்தைகளுக்குச் சொல்லவும். ஒரு தாயாரை நினைப்பதென்பது அவர் நினைத்தவர்களை நாம் நினைப்பதே.

ஆழ்வான் தேவிகளின் திருவுள்ளம் நம் திருமாளிகைகளில் தங்கும்படி பெரிய பெருமாளும் ஸ்ரீரங்கநாச்சியாரும் அருள்புரிவார்களாக.

ஆண்டாள் திருவடிகளே சரணம்
கூரத்தாழ்வான் திருவடிகளே சரணம்
பராசர பட்டர் திருவடிகளே சரணம்

அடியோங்கள் ராமானுஜ தாஸர்கள்